பைன் பலகைப் பெட்டி

ஆபீசுக்குப் புது இயந்திரம் வந்த மரப்பெட்டியை வாட்ச்மேன் பிரித்தார். பைன் மர வாசனை அடித்ததும் ஆறாம் வகுப்புக் கிறிஸ்துமஸ் நினைவுக்கு வந்துவிட்டது.

வகுப்பில் சீட்டுக் குலுக்கி, வந்த பெயருக்கு ஆளுக்கொரு பரிசு தரவேண்டும். எனக்கு ஒரு பெண்ணின் பெயர் வந்தது. இருங்காட்டுக்கோட்டை கார் கம்பெனியில் வேலை செய்த அப்பா, உதிரிபாகங்கள் வந்த பெட்டிகளின் பைன் பலகையைக் கேட்டு வாங்கிவந்து, இழைத்து, பென்சில் பெட்டி செய்து தந்தார். மற்றவர்கள் கடைப் பொம்மைகளோடு வந்திருந்தார்கள். வெட்கப்பட்டு, பரிசை எடுத்துவர மறந்துவிட்டேன் என்று சொன்னேன். வீட்டுக்கு வந்து அதை வெந்நீர் அடுப்பில் செருகினேன்.

ஷிப்ட் முடிந்து வந்து, அந்த வெந்நீரில் குளித்துக்கொண்டே அப்பா கேட்டார்: "அந்தப் பொண்ணுக்குப் பெட்டி புடிச்சிதாம்மா?"

"ரொம்பப் புடிச்சிதுப்பா."

"அப்போ உனுக்கும் ஒண்ணு செஞ்சி தரேன்."

செய்தும் தந்தார். அவர் சாகும்வரை நான் உண்மையைச் சொல்லவில்லை.

"அடுப்புக்கு எடுத்துக்கட்டா மேடம்?" என்று பலகைகளைக் காட்டி வாட்ச்மேன் கேட்டார்.