மேலே ஏறிப் போன அக்காக்கள்

போன வாரம் மகளை அழைத்துவரச் செம்பூருக்குப் போனேன். பள்ளி வாசலிலேயே எங்களை நிறுத்திவிட்டார்கள். தீ விபத்து ஒத்திகையாம். சைரன் ஊதியதும் பிள்ளைகள் பேசாமல், ஒருவர் பின் ஒருவராக இறங்கி வந்து மைதானத்தில் நின்றார்கள். ஒரு பிள்ளைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பெற்றோர் எல்லாம் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், ஊரோடு ஒத்து வாழ வேண்டுமே. ஆனாலும் மனசு என்னவோ போலிருந்தது.

மழை வாசனையும் காரணமாக இருக்கலாம். நனைந்த சுண்ணாம்புச் சுவரின் வாசனை வந்தால் எனக்குத் தாராவி லேபர் கேம்ப் பக்கம் நான் படித்த முனிசிபாலிட்டிப் பள்ளிதான் நினைவுக்கு வரும். மூன்று மாடி, ஒரே படிக்கட்டு, தமிழ் மீடியம். தோல் கிடங்குகளின் நாற்றமும் உண்டு. அதைச் சொன்னால் நீங்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வீர்கள், விட்டுவிடுகிறேன்.

அங்கும் ஒத்திகை உண்டு. பெரிய சார் மணியை விடாமல் அடிப்பார். சின்னவர்கள் இறங்க மாட்டார்கள், வகுப்பு வாசலில் அப்படியே நிற்பார்கள். கீழ்த்தளத்துப் பெரிய வகுப்பு அக்காக்கள் தம்பி தங்கையைக் கூட்டிவர மேலே ஏறுவார்கள். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த எங்கள் வீடுகளில் அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போனார்கள். மூத்தவள்தான் சின்னவனுக்குப் பொறுப்பு. “தம்பிய விட்டுட்டு நீ மட்டும் வந்து நின்னுராத” என்று சொல்லித்தான் அம்மா தினமும் அக்காவை அனுப்புவாள். சார் என்ன கத்தினாலும் அந்தப் பிள்ளைகளுக்கு அம்மா சொன்னதுதான் சட்டம். பாதிப் பேர் இறங்க, பாதிப் பேர் ஏற, தாதர் ஸ்டேஷன் தோற்றது போங்கள். சார் தலையில் கைவைத்துக்கொள்வார்.

ஒரு மழைக்காலத்தில் நிஜமாகவே மணி அடித்தது. இரண்டாம் மாடியில் கூரைக் காரை பெயர்ந்து விழுந்துவிட்டது. நான் இரண்டாம் வகுப்பு, மூன்றாம் மாடி. புதிதாக வந்திருந்த டீச்சருக்கு எங்கள் வழக்கம் தெரியாது. வாசலில் நிற்கவிடாமல் எங்களை இறக்கிக்கொண்டுபோய் மைதானத்தில் நிறுத்திவிட்டார். வரிசை கலையாமல் நின்ற என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஏழாம் வகுப்பில் இருந்த அக்கா, கூட்டத்தில் என்னைத் தாண்டித்தான் மேலே ஏறியிருக்கிறாள். இருவருமே கவனிக்கவில்லை.

எல்லோரும் இறங்கிய பிறகு அவள் தனியாக வந்தாள். தலை முழுக்கச் சுண்ணாம்புத் தூள், கையில் நான் விட்டுவந்த பை.

“எங்கல போன? மூணு மாடியும் தேடிட்டேம்லா.”

அடிப்பாள் என்று நினைத்தேன். என் கையை இறுகப் பிடித்தவள் வீடுவரை விடவில்லை. அவளுடைய பை கீழ்த்தளத்து வகுப்பிலேயே கிடந்தது.

அன்றே பள்ளியைப் பூட்டினார்கள், பிறகு திறக்கவேயில்லை. சின்ன வகுப்புகளைப் பக்கத்து மன்றக் கூடத்தில் வைத்தார்கள். பெரிய வகுப்புகள் வடாலாவுக்குப் போய்விட்டன. தண்டவாளம் தாண்டி அவ்வளவு தூரம் பெண்பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியாது என்றார் அப்பா. கூட்டிப்போக அவளுக்கு மேலே ஓர் அக்கா இல்லை. படிப்பு அத்தோடு நின்றது. என்னைவிட நன்றாகப் படித்தவள். இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

பள்ளி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. என் மகளோ ஒற்றைப் பிள்ளை. மணி அடித்தால் அவள் தேடிப் போகவும் ஆளில்லை, அவளைத் தேடி வரவும் ஆளில்லை.

அன்று சாயங்காலம் தாணேயில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டு ஒத்திகையைப் பற்றிச் சொன்னேன். பிள்ளையை யார் மேலே போய்க் கூட்டிவந்தது என்று கேட்டாள். யாரும் போகக் கூடாது, அதுதான் விதி என்றேன். நல்லதுதான் என்றாள். பிறகு சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

“பள்ளிக்கூடப் படி நான் கடைசியா ஏறுனது ஒன்னத் தேடித்தாம்ல.”