வசந்தா போட்ட சீட்டுகள்

வசந்தாவின் தங்கை மாலா திருவண்ணாமலையிலிருந்து டிரங்க் கால் போட்டு, முதல் இரண்டு நிமிடமும் அழுதுகொண்டே இருந்தாள். "அக்கா போய்ட்டாங்க" என்று அவள் சொல்லி முடித்து, எப்படி என்று நான் கேட்பதற்குள் ஆபரேட்டர் குறுக்கே வந்து, "மூணு நிமிஷம் ஆச்சு, எக்ஸ்டெண்ட் பண்ணவா?" என்றாள். நானும் ஆபரேட்டர்தான். வேலூருக்கு மாற்றலாகி வந்து இன்றும் அதே வார்த்தையைச் சொல்லித்தான் பிழைக்கிறேன். அன்று அதைக் கேட்டபோது போனைப் போட்டு உடைக்கலாம் போல எரிச்சல் வந்தது.

எங்கள் திருவண்ணாமலை எக்ஸ்சேஞ்சில் வசந்தாவோடு டெலிபோன் போர்டில் உட்கார்ந்தவர்களே, அவளைப் பற்றி நல்லது மட்டும் எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். டியூட்டிக்கு லேட்டாக வருவாள். வந்ததும் என் டிபன் பாக்ஸைத் திறந்து, "உப்பு கம்மி" என்று குறை சொல்லிக்கொண்டே முழுவதையும் தின்பாள். தீபத்தன்று மெட்ராஸ் லைன் கிடைக்காமல் ஊரே நம்மைத் திட்டும்போது, அவள் ஒருத்திதான் ஊரைத் திருப்பித் திட்டுவாள். நாங்கள் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அதற்காக எனக்கு எந்தச் சலுகையும் தந்ததில்லை.

எழுபதுகளின் நடுவில் நான் மூன்று மாதம் முழுகாமல் இருந்தேன். ஒரு நாள் காலை, மண்டிக்காரர் ஒருவருக்கு லைன் கொடுத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டது. மூச்சு ஏறவில்லை, விரல்கள் மரத்துப்போயின. செத்தேன், வயிற்றில் இருப்பதும் என்னோடு போகிறது என்றே நினைத்தேன். சற்று நேரத்தில் தானாக அடங்கியது. பிறகு வாரத்துக்கு இரண்டு முறை வர ஆரம்பித்தது.

டாக்டர் மூன்று முறை பார்த்தார். ஈ.சி.ஜி.யும் எடுத்தார். "ஹார்ட் நல்லாருக்கும்மா, எல்லாம் மனசுதான்" என்று அனுப்பிவிட்டார். மனசு என்ன, பக்கத்து வீட்டிலா இருக்கிறது? மாமியாரோ, "காத்து பட்டிருக்கு" என்று கீழ்பென்னாத்தூரிலிருந்து மந்திரிக்கிறவரை வரவழைத்தார். கழுத்து, கை, இடுப்பு என்று இடம் விடாமல் கயிறு கட்டினார்கள். "வேலைய வுட்டுட்டு வூட்லயே இரு" என்றார் கணவர். வீட்டிலும்தான் வருகிறது என்று எத்தனை முறை சொல்வது! ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருந்தார்கள், காது மட்டும் யாருக்கும் இல்லை.

மறுபடி போர்டில் அது வந்தபோது எல்லாரும் சோடாவும் விசிறியுமாக என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். வசந்தா முதலில் நான் பாதியில் விட்ட டிரங்க் காலை முடித்துக் கொடுத்தாள். அடிப்பாவி என்று நினைத்தேன். பிறகு கடிகாரத்தைப் பார்த்து ஒரு சீட்டை எடுத்தாள். டிரங்க் கால் ஒவ்வொன்றுக்கும் யாருக்கு, ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம் என்று எழுதுவோமே, அந்தச் சீட்டு.

"செத்துடுவேன் வசந்தா."

"யாருக்கு கால், எமனுக்கா? பேசு. நான் டைம் போட்டுக்கறேன்."

மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை, போர்டில் சொல்லும் அதே குரலில், "மூணு நிமிஷம் ஆச்சு" என்றாள். மூன்றாவது முறை சொன்னபோது எனக்கு மூச்சு திரும்பியது. "ஒம்போது நிமிஷம். வெச்சிட்டான்" என்று எழுதி மடித்து என் பையில் போட்டாள். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது எனக்கு.

சீட்டுகள் சேர்ந்தன. ஒருநாள் அவற்றை என் முன்னால் பரப்பினாள். "இன்னாடி பாக்கற? எதுலயும் பன்னெண்டு நிமிஷம் தாண்டல. இதுக்கு மேல சாவ உன்னால முடியாது." அந்தப் பன்னிரண்டைப் பிடித்துக்கொண்டுதான் நான் வேலையை விடாமல் இருந்தேன்.

வளைகாப்பன்று கூடம் முழுக்கப் பெண்கள். இரண்டு கையிலும் வளையல் ஏற ஏற எனக்கு அது வந்துவிட்டது. மாமியார் வேப்பிலைக்கு ஓடினார். வசந்தா கைப்பையிலிருந்து சீட்டை எடுத்து, "எல்லாரும் தள்ளுங்க, அவ லைன்ல இருக்கா!" என்று கத்தினாள். என் மாமியார் கடைசிவரை அவளை மன்னிக்கவில்லை. பிரசவ வார்டுக்குள் அவளை விடமாட்டோம் என்றார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்று, "மூணு நிமிஷம் ஆச்சு தனம்!" என்று கத்தி நர்சிடம் திட்டு வாங்கினாள். பையன் நல்லபடியாகப் பிறந்தான். போன வருஷம் ஒரு டாக்டர் அந்த வியாதிக்குப் பீதி நோய் என்று பெயர் சொன்னார். வசந்தாவுக்கு எழுதினேன். "பேர் வெச்சா போதுமா?" என்று பதில் போட்டாள்.

சாவுக்குப் போனபோதுதான் மாலா முழுவதையும் சொன்னாள். லீவு நாள், காலை நேரம். காய் நறுக்கிக்கொண்டிருந்த வசந்தாவுக்கு நெஞ்சு இறுக்கியது, வேர்த்துக் கொட்டியது. ஆட்டோ கூப்பிடுகிறேன் என்று மாலா சொன்னதற்கு, "சும்மா இருடி. தனத்தோட வியாதி எனக்குத் தொத்திக்கிச்சு. பன்னெண்டு நிமிஷத்துல போய்டும், மணிய பாரு" என்றாளாம். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள்.

ஏண்டி, பன்னிரண்டு தாண்டினால் எழுந்து ஓட வேண்டாமா? நீ போட்ட கணக்குதானே! என் நெஞ்சை டாக்டர் மூன்று முறை பார்த்த பிறகுதானே எனக்குச் சீட்டுப் போட்டாய்? உன் நெஞ்சை யாரடி பார்த்தது? உன் புத்தியில் இடி விழ. எனக்கு அழக்கூடத் தோன்றவில்லை, அவ்வளவு ஆத்திரம்.

மாலா ஒரு சீட்டைக் கொடுத்தாள். என்னைப் பார்க்கும்போது காட்டிச் சிரிக்க வேண்டும் என்று அக்கா எழுதியதாம். யாருக்கு என்ற இடத்தில் "தனம், வேலூர்" என்று இருந்தது. ஆரம்பித்த நேரம் பத்து இருபது. என்னிடம் இருக்கும் முப்பத்தொரு சீட்டுகளோடு அதையும் வைத்திருக்கிறேன். அந்த முப்பத்தொன்றிலும் முடிந்த நேரத்தை எழுதியது அவள். இதில் அந்த இடம் காலியாக இருக்கிறது. உயிர் போன நேரத்தை மாலா சொன்னாள். எழுத எனக்குக் கை வரவில்லை.