வீட்டுப்பேர் என்ற கட்டம்

எந்தப் படிவமானாலும் ‘வீட்டுப்பேர்’ என்ற கட்டத்தில் என் பேனா நின்றுவிடும். கேரளத்தில் எல்லாருக்கும் ஒரு வீட்டுப்பேர் உண்டு. தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில், பிறந்த எங்களுக்கு நம்பர்தான். போன வாரம் வாளையாரில் மகளைப் பள்ளியில் சேர்க்கப் போய் அந்தக் கட்டத்தில் நின்றபோது கம்ப்யூட்டர் அக்கா நினைவுக்கு வந்துவிட்டார்.

பள்ளிவாசல் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்ட ஆபீசில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அக்காவும் லயத்துப் பெண்தான். தோட்டத்தின் ஆள்பதிவேடு, யாரோ எந்தக் காலத்திலோ எழுதிவிட்டுப் போன புரோகிராமில் ஓடியது. அது எழுதப்பட்ட மொழியின் பெயரைச் சொன்னால் கம்ப்யூட்டர் படித்தவர்களே முழிப்பார்கள். எங்களுக்கு வேறு கதி இல்லை, அதோடு குடும்பம் நடத்தினோம்.

அந்த வருஷம், ஓய்வுபெற்று லயத்தைக் காலி செய்யப் போகிறவர்களுக்கு வீடு தரும் திட்டம் ஒன்று வந்தது. விண்ணப்பங்களைப் பஞ்சாயத்து எக்ஸ்எம்எல் கோப்பாக அனுப்பியது. ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னும் பின்னும் ஒரு குறி இருக்கும். அதைப் பிரித்துப் படித்து, எங்கள் பதிவேட்டோடு ஒப்பிட்டு, இரண்டு வாரத்தில், வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள், தகுதியானவர்களின் பட்டியல் தரவேண்டும். அக்காவின் அம்மாவும் விண்ணப்பித்திருந்தார். ஊரறிந்த கம்ப்யூட்டர் மொழிகளில் இந்த வேலைக்கென்றே எழுதிவைத்த கருவிகள் கொட்டிக் கிடக்கின்றன. எங்கள் மொழியை யார் சீண்டுவார்கள்? அக்கா பத்து நாள் இணையத்தைச் சலித்தார். முதலில் கிடைத்த கருவி எங்கள் பழைய கம்ப்யூட்டரில் ஏறவே இல்லை. அடுத்தது மலையாள எழுத்தைக் கண்டதும் படுத்துவிட்டது. மூன்றாவதை எந்த நாட்டுக்காரரோ பொழுதுபோகாமல் எழுதி வைத்திருந்தார். அது ஓடியது! வெள்ளி காலை பட்டியல் அச்சாகி வந்ததும் நான் டீ வாங்க ஓடினேன்.

திரும்பி வந்தபோது அக்கா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கம்மாவக் காணோம் பிள்ள.”

அம்மாவை மட்டுமல்ல, லயத்துக்காரர் முக்கால்வாசிப் பேரைக் காணோம். வீட்டுப்பேர் உள்ள டிரைவர்களும் பியூன்களும் பத்திரமாக இருந்தார்கள். அந்தக் கட்டத்தில் லயத்து நம்பரை எழுதிய சிலரும் தப்பியிருந்தார்கள். காலியாக விட்டவர்களின் விண்ணப்பத்தை அந்தக் கருவி பழுதென்று நினைத்து, ஒரு வார்த்தை சொல்லாமல் தள்ளிவிட்டிருந்தது.

நேரமில்லை, அம்மா பெயரை மட்டும் கையால் சேர்த்துவிடலாம் என்றேன். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அக்கா என்னை முறைத்தார்.

“எங்கம்மா மட்டுமா லயத்துல கெடக்கா?”

பிறகு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். முகம் தெரியாத அந்த மனிதர் எழுதியதை வரிவரியாகப் படித்து, தள்ளிவிடும் இடத்தைப் பிடித்துத் திருத்தினார். கட்டம் காலியாக இருந்தால் எங்கள் பதிவேட்டிலிருந்து லயத்து நம்பரை எடுத்து அங்கே போடும்படி செய்தார். நாலு மணிக்குச் சற்று முன்னால் பட்டியல் போனது. அதில் அக்காவின் அம்மா, தன் அக்கம்பக்கத்தார் எல்லாரோடும், ‘எட்டாம் நம்பர் லயம்’ என்ற வீட்டுப்பேருடன் இருந்தார். பின்னால் அவருக்கு வீடும் கிடைத்தது. அடுத்த வருஷம் புது மென்பொருள் வந்தது, அக்காவின் வேலை போனது. அப்படி ஒரு மனுஷியோடு வேலை பார்க்க எனக்கு மறுபடி வாய்க்கவில்லை.

பேனாவோடு நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பள்ளி கிளார்க், “இல்லீன்னா உட்டுடுங்க, பரவால்லீங்க” என்றார்.

நான் விடவில்லை. ‘பதினொன்றாம் நம்பர் லயம்’ என்று கட்டம் நிறைய எழுதிக் கொடுத்தேன்.