ரைட் சொன்னால்தான் வண்டி நகரும்

கண்டக்டர் தொழிலுக்குக் கால் தெம்பைவிட வாய்த் தெம்புதான் முக்கியம். அதிலும் ‘ரைட்’ என்ற சொல் இல்லாவிட்டால் பிழைப்பே இல்லை. என்னைப்போல் பஸ்ஸில் நசுங்கியே ஆயுளைக் கழித்தவர்களுக்கு இது தெரியும். வண்டி கிளம்ப ரைட், சில்லறை கொடுத்துவிட்டு ‘ரைட்டா?’, சண்டையை முடிக்க ‘ரைட், விடு!’ யுத்த காலத்தில் ராயபுரத்துக்கும் எண்ணூருக்குமாக பெட்ரோல் கிடைக்காமல் கரியை எரித்து ஓட்டிய ஒரு கரிவாயு பஸ்ஸில் தொங்கியபடி அதைக் கத்திக்கொண்டிருந்தேன். கூடவே ஒரு கவலை. டிரைவர் ஏகாம்பரத்தின் மகள் தனத்தைக் கட்டிக்கொள்ள ஆசை. அவளுக்கும் சம்மதம். அவரிடம் கேட்கத்தான் தைரியமில்லை.

யார் சொல்வது?

என் வாயிலிருந்து ரைட் வராமல் ஏகாம்பரம் கியரைத் தொடமாட்டார். திருவொற்றியூரில் ஓர் அவசரக்காரர் தாமே “ரைட், ரைட்!” என்று கத்தினார். வண்டி அசையவில்லை. ஏகாம்பரம் திரும்பிப் பார்த்தார்.

“இன்னா நைனா, உங்க அப்பன் வூட்டு வண்டியா? கண்டக்டரு சொல்லட்டும், குந்து!”

அண்ணாச்சியின் ரைட்

யானைக்கவுனியில் கடை வைத்திருந்த நெல்லைக்கார அண்ணாச்சி ஒருவர், வெல்ல மூட்டையைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்திருந்தார். இறக்கச் சொன்னேன். “ரைட்டு” என்றார். மறுபடி சொன்னேன். “ரைட்டு, ரைட்டு.” மூட்டை சொகுசாகவே வந்தது. பொறுமையிழந்து சத்தம் போட்டேன். அவருக்கு முகம் வாடிவிட்டது.

“அதான் ரைட்டுன்னு சொல்லியாச்சுல்லா? பெறகும் என்னத்துக்கு வையுதீய?”

பொத்திய வாய்

தனத்துக்கு வேறு வரன் பேசுகிறார்கள் என்று தெரிந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் கூடையோடு ஏறும் மீன்காரி கன்னியம்மாளிடம் புலம்பிவைத்தேன்.

மறுநாள் காசிமேட்டில் அவள் ஏறினாள். ரைட் சொல்ல நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், மீன் வாடை வீசும் கையால் பொத்திவிட்டாள். “யோவ் டிரைவரு! உன் பொண்ண இந்தப் புள்ளைக்குக் குடுக்கிறேன்னு சொல்லு. அப்பாலதான் ரைட்டு!”

ஆலைக்குப் போகிறவர்கள் நேரமாகிறதென்று கூச்சல் போட்டார்கள். அப்புறம் அவர்களும், “குடுத்துடு அண்ணாத்தே!” என்று சேர்ந்துகொண்டார்கள். ஏகாம்பரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னார்.

“பையன் மேல கொறையே இல்ல. இங்கதான் இவன் சொன்னா கெளம்புறேன், சொன்னா நிக்கிறேன். மாப்ளயாவும் வந்துட்டா வூட்லயும் அப்படியேவா? சரி, வெத்தல பாக்கு மாத்திக்கலாம். மொதல்ல அவன் வாய்லேர்ந்து கைய எடு கன்னிம்மா, இஞ்சின் அணைஞ்சுடப் போவுது!”

ஊரையே ஏற்றி இறக்கிய என்னைக் கரையேற்றியது ஒரு மீன்கூடைக்காரிதான்.