எழுபத்திரண்டா, அறுபத்தெட்டா

குளிர் அறையின் கனமான கதவை முழங்கையால் தள்ளி உள்ளே போய், இரண்டு நிமிடம் நின்றுவிட்டு சென்னம்மா வெளியே வருகிறார். காலையிலிருந்து இது நான்காவது முறை. உள்ளே போகிறவர்கள் பஞ்சு வைத்த தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது விதி. அவரும் போட்டுக்கொள்கிறார், ஆனால் முன்பக்கத்தைத் திறந்தே விடுகிறார். போகும்போது முகமும் கழுத்தும் வியர்த்துச் சிவந்திருக்கும். வரும்போது வியர்வை அடங்கியிருக்கும். ஆனால் வலது முழங்கால் மடங்க மறுக்கும், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்.

"மேல அடுப்பாட்டம் எரியுது. கீழ முட்டி ஐஸாட்டம் வெறைக்குது. நடுவுல நான் எந்தப் பக்கம் போறது மேடம்?"

காகிதங்களோடு நான் அங்கே நிற்கும்போதெல்லாம் இதை என்னிடம் கேட்பார்.

ஓசூரிலிருந்து பாகலூர் போகும் சாலையை விட்டுச் சற்று உள்ளே இருக்கிறது எங்கள் ரோஜாப் பண்ணை. பசுமைக்குடில்களில் வெட்டிய பூக்கள் ஷெட்டுக்கு வந்து, நீளவாரியாகப் பிரிந்து, இருபது இருபதாகக் கட்டாகி, இரவு லாரியில் பெங்களூரு விமான நிலையம் போகின்றன. அவற்றுக்கான காகிதங்களைத் தயாரிப்பது என் வேலை. தண்டைப் பார்த்து நீளம் பிரிப்பது சென்னம்மாவின் வேலை. ஐம்பத்தொரு வயது, அதில் பத்தொன்பது வருடம் இந்த மேசையில். மற்றவர்கள் சென்டிமீட்டர் கோடு போட்ட பலகையில் ஒவ்வொரு தண்டாக வைத்துப் பார்க்கும்போது, அவர் தண்டைக் கையில் எடுத்த வேகத்திலேயே ஐம்பதா அறுபதா என்று தெரிந்து போட்டுவிடுவார். மொட்டைப் பார்க்கும்போது மட்டும் கண்ணைச் சுருக்குவார். வாடல் இருந்தால் கன்னடத்தில் "பேடா", வேண்டாம், என்று சொல்லி, அந்தப் பூவிடம் மன்னிப்புக் கேட்பதுபோல ஓரமாக வைப்பார்.

அவருக்குத் தண்டின் அளவு பிடிபட்டது போல உடம்பின் அளவு பிடிபடவில்லை.

ஐந்து கிலோ குறைத்தால் முட்டி வலி தணியும் என்றார் மருத்துவர். தொலைபேசி பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மகள் சௌமியா, தினம் நூறு முறை உட்கார்ந்து எழச் சொல்லி வீடியோ அனுப்பினாள். பதினேழாவது முறையில் சென்னம்மாவால் எழ முடியவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் அமர்ந்தபடி மகளுக்கே போன் செய்தார். பக்கத்து வீட்டு செல்வம்மாள் வேறு ஒரு விளக்கம் வைத்திருந்தார். மாதாமாதம் வெளியே போக வேண்டிய ரத்தம் போகாமல் உள்ளேயே தங்கிக் கொழுப்பாக மாறுகிறதாம். அதனால் கறி, முட்டை, எள் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டுமாம்.

"நின்னுபோனா நிம்மதின்னு ஊரே சொல்லுச்சு. நிம்மதி எங்க இருக்குது? அது நின்னுச்சு, மத்ததெல்லாம் கெளம்பிருச்சு," என்றார் ஒருநாள். ராத்திரி மூன்று முறை நைட்டி மாற்றுவதைப் பற்றியும் சொன்னார். கணவர் கரியப்பன் மின்விசிறியை நிறுத்துவாராம், இவர் போடுவாராம்.

நானும் என் அக்காவும் ஒரே அறையில் படுப்போம். கடைசி இரண்டு மூன்று வருடங்களாக அவள் நடுவில் எழுந்து ஜன்னலைத் திறப்பாள். பனி வருகிறது என்று நான் எழுந்து மூடுவேன். வேறொரு நோயில் அவள் போய் ஒன்பது மாதம் ஆகிறது. ஏன் திறந்தாள் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. சென்னம்மா பேசும்போது வேலையை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

வீட்டில் எடை பார்க்கும் கருவி இல்லை. ஆனால் ஷெட்டில், பூப்பெட்டிகளை நிறுக்கும் மேடைத் தராசு இருக்கிறது. தினமும் சாயங்காலம், பெட்டிகளை நிறுக்கும் சுரேந்தர் டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்து சென்னம்மா அதில் ஏறி நிற்பார். சிவப்பு எண்களைப் பார்த்துவிட்டு, முந்தின நாள் இரவு என்ன சாப்பிட்டோம் என்று யோசிப்பார். இப்படி இரண்டு மாதத்தில் தனக்கென்று ஒரு பத்தியம் வகுத்துக்கொண்டார். களி சாப்பிட்ட மறுநாள் எழுபத்தைந்து காட்டியது, களி போயிற்று. கீரையும் கொள்ளும் சாப்பிட்ட மறுநாள் எழுபத்திரண்டு, அதுவும் அதிகமென்று கொள்ளும் போயிற்று. கல்யாண வீட்டுக்குப் போய் வரும் வழியில் பாகலூரில் மூன்று புரோட்டா சாப்பிட்ட மறுநாள் அறுபத்தெட்டு.

"என் ஒடம்புக்கு மைதாதான் ஒத்துக்குது மேடம்," என்று ரகசியமாகச் சொன்னார். "டாக்டர்கிட்ட சொன்னா திட்டுவாங்க. ஆனா மிஷின் பொய் சொல்லுமா?"

அதன்பின் வாரம் இரண்டு நாள் புரோட்டா. மற்ற நாள்களில் ராத்திரி ஒரு டம்ளர் மோர்.

ஜனவரியில் ஒரு சாயங்காலம், பெட்டி எடை ஒன்று காகிதத்தோடு ஒத்துப்போகவில்லை என்று நான் தராசுக்குப் போனேன். மேலே ஒன்றுமே இல்லை, ஆனால் கழித்தல் நான்கு என்று எரிந்துகொண்டிருந்தது. கேட்டதற்கு சுரேந்தர் அலுத்துக்கொண்டார்.

"பிளாஸ்டிக் கிரேட்டோட நிறுக்கறப்ப கிரேட்டு எடைய கழிக்கணும்ல மேடம்? பட்டன அமுக்கிட்டா நாலு கிலோவ அதுவே கழிச்சிக்கும். அட்டைப்பெட்டிய நிறுக்கறப்ப திரும்பப் பழையபடி வெச்சிருவேன். இது மறந்துட்டேன், அவ்வளவுதான்."

எனக்கு அந்தப் புரோட்டா ஞாபகம் வந்தது. சென்னம்மாவைக் கூட்டிவந்து, தராசைச் சரிசெய்து, ஏறி நிற்கச் சொன்னேன். எழுபத்தைந்து. அப்போதுதான் குளிர் அறையிலிருந்து வந்தவர், ஜாக்கெட்டும் ரப்பர் பூட்ஸும் அப்படியே இருந்தன. கழற்றச் சொன்னேன். எழுபத்திரண்டு. பட்டனை அமுக்கி நான்கு கிலோவைக் கழிக்க வைத்தேன். அறுபத்தெட்டு.

சென்னம்மா வெறுங்காலோடு தராசின் மேலேயே நின்றார். சுரேந்தர் சிரிக்க ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அப்ப நான் எதுதான்?" என்றார் சென்னம்மா.

"எழுபத்திரண்டு, அக்கா," என்றேன்.

"ரெண்டு மாசமா?"

"ரெண்டு மாசமா."

"களி தின்னாமயே கெடந்தேனே..." என்றவர் இறங்கி, பூட்ஸுக்குள் காலை விட்டார். போகிற போக்கில் சுரேந்தரின் முதுகில் ஓங்கி ஒரு அடி. "எம் புரோட்டாக் காச நீதான் குடுக்கணும்டா!"

அன்று இரவு களி கிண்டி வயிறாரச் சாப்பிட்டாராம். ஆனால் குழப்பம் தீரவில்லை, கூடித்தான் போனது. முன்பு குறைகிறது என்று நம்பவாவது ஒரு எண் இருந்தது.

இதற்கிடையில் இன்னொரு நெருக்கடியும் வந்தது. பிப்ரவரி பதினான்குக்கு முந்தைய மூன்று வாரங்கள்தான் ரோஜாவுக்குப் பெரிய பருவம். பத்து மணி நேர வேலை, முழுக்க நின்றபடி. மேற்பார்வையாளர் சுப்ரியா, வேளாண் கல்லூரியில் படித்த இருபத்தெட்டு வயதுப் பெண், பட்டியல் போட ஆரம்பித்திருந்தார். நிற்க முடிந்தவர்கள் மேசையில், முடியாதவர்கள் வாளி கழுவும் இடத்தில்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. முடியும்னா முடியும், இல்லன்னா இல்ல. வெள்ளிக்கிழமை லிஸ்ட் குடுக்கணும்."

"முடியுங்கம்மா," என்றார் சென்னம்மா திங்களன்று. செவ்வாயன்று, "பாக்கலாங்கம்மா." வாளி கழுவுவது என்றால் ஈரத்தில் நாளெல்லாம் குனிந்து நிற்க வேண்டும். அதற்கு அவருடைய முட்டி மேசையைவிடச் சீக்கிரம் உடைந்துவிடும். அதைவிட, பத்தொன்பது வருடம் பூவைப் பிரித்த கை வாளிக்குள் போவதை அவரால் நினைக்க முடியவில்லை.

மேசை முன் உட்கார்ந்து பிரிக்கலாமே என்று படிப்பவர்கள் கேட்கலாம். ஷெட்டில் இருப்பது ஒரே ஒரு ஸ்டூல். அது கர்ப்பிணிகளுக்கு. யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் அது அப்படித்தான். ஆறாம் மாதத்திலிருந்து அதில் உட்கார்ந்து வேலை செய்யலாம், பிள்ளை பிறந்ததும் ஸ்டூல் மூலைக்குப் போய்விடும். கால் சுளுக்கிக்கொண்ட நிர்மலா ஒருமுறை அதில் உட்கார்ந்துவிட்டு, எத்தனை மாதம், யார் காரணம் என்ற கேலியை ஒரு மாதம் கேட்டாள். அதற்குப்பின் யாரும் தொட்டதில்லை.

புதன்கிழமை விடுப்புப் போட்டு, ஓசூரில் உடற்பயிற்சி சொல்லித்தரும் ஒரு பெண் மருத்துவரிடம் போனோம். "நீங்களும் வாங்க மேடம். நான் மறந்தத நீங்க கேப்பீங்க," என்று என்னையும் இழுத்துக்கொண்டார். அந்தப் பெண் பொறுமையாக முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"ரத்தம் எல்லாம் உள்ள தங்காதுங்க. அது வதந்தி. இந்த வயசுல கொழுப்பு வயித்துப் பக்கம் சேரும், தசை கொறையும். பட்டினி கெடந்தீங்கன்னா மொதல்ல தசைதான் கரையும். அப்பறம் முட்டிய யாரு தாங்கறது?"

"முட்டை?"

"தின்னுங்க."

"நடக்கலாமா, கூடாதா?"

"நடங்க. மறுநாளும் வலி ஏறியே இருந்தா, அடுத்த தடவ கொஞ்சம் கொறைச்சு நடங்க. ஒரேயடியா நின்னுக்கிட்டே இருக்கறதுதான் கூடாது. முக்கா மணிக்கு ஒருக்கா உக்காந்து கால நீட்டணும்."

"உக்காரணும்," என்று சென்னம்மா திருப்பிச் சொன்னார்.

பேருந்தில் ஜன்னல் ஓரம் அவருக்கு. பாகலூருக்குப் போகிற கூட்டம் எங்களை நெருக்கியது. "நடன்னும் சொல்றாங்க, ரொம்ப நடக்காதன்னும் சொல்றாங்க. தின்னுன்னும் சொல்றாங்க, எடைய கொறைன்னும் சொல்றாங்க. அந்தப் பொண்ணு நல்லாத்தான் சொல்லுச்சு. எனக்குத்தான் தலைக்குள்ள ஏற மாட்டேங்குது." பிறகு முட்டியைத் தடவிக்கொண்டே, "முடியாதுன்னு சொன்னா வாளி. முடியும்னு சொன்னா முட்டி. உக்காந்தா ஊரு சிரிக்கும்," என்றார். நான் எட்டி ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டேன். முன் இருக்கைக்காரர் திரும்பி முறைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு, காகிதத்தைப் பலகையில் செருகி, பேனாவைத் திறந்துகொண்டு சுப்ரியா மேசைக்கு வந்தார். நான் பெட்டி எண்களைச் சரிபார்க்கும் சாக்கில் அங்கே நின்றிருந்தேன். ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்து, "அக்கா?" என்றார்.

சென்னம்மா கையிலிருந்த தண்டைக் கீழே வைத்தார். குளிர் அறைப் பக்கம் போவார் என்று நினைத்தேன், கழுத்து வரை சிவந்திருந்தது. ஆனால் அவர் மூலைக்கு நொண்டிக்கொண்டு போய், ஸ்டூலைத் தரையில் தேய்த்து இழுத்துவந்தார். கிறீச் என்ற சத்தத்தில் ஷெட்டே திரும்பியது. மேசைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

முதலில் குரல் கொடுத்தது நிர்மலாதான். "எஷ்டு திங்களு அக்கா?" எத்தனை மாதம் என்ற அதே கன்னடக் கேலி. மேசை முழுக்கச் சிரித்தது.

"பதினாலு," என்றார் சென்னம்மா.

சிரிப்பு இன்னும் கூடியது. அவர் அது அடங்கும் வரை காத்திருந்தார்.

"மாசாமாசம் வர்றது நின்னு பதினாலு மாசம் ஆவுதுடி. ராவெல்லாம் எரியுது, முட்டி தூக்கத்துலயும் வலிக்குது. உனக்கும் வரும், அவளுக்கும் வரும். சுப்ரியாம்மாவுக்கும் வரும். இதுக்கு ஒரு ஸ்டூலு இல்லயா இந்த ஷெட்டுல?"

ஆண்கள் இரண்டு பேர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அவசரமாக நகர்ந்தார்கள். நிர்மலா கையிலிருந்த பூவையே பார்த்தாள். வயதில் மூத்த நாகம்மா மட்டும் மெதுவாக, "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, யார்ட்டயும் சொல்லல," என்றார்.

சுப்ரியா பேனாவை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை. "அக்கா... உக்காந்தா மேசை ஒசரமா இருக்குமே. வேகம் வருமா? எனக்குத் தெரியல. நான் மேல கேக்கணும்..."

மேசை உண்மையிலேயே அவருடைய மார்பு வரை வந்தது. சென்னம்மா பூ வாளியை இரண்டு கால்களுக்கும் நடுவில் இழுத்து வைத்துக்கொண்டார். மடியில் பிளாஸ்டிக் தாளை விரித்தார். தண்டுகள் ஒவ்வொன்றாக வந்தன, எடுத்த வேகத்தில் பிரிந்தன. இருபது ஆனதும் அடியைத் தட்டிச் சமன்செய்து, ரப்பர் போட்டு, மொட்டுகளைக் காகிதத்தில் சுற்றினார்.

அந்தக் கட்டை சுப்ரியாவின் கையிலிருந்த பட்டியலின் மேலேயே படுக்கவைத்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல், வாளியிலிருந்து அடுத்த தண்டை உருவினார்.