செல்வத்தின் கால் அடங்கிய நாள்

காரட் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு, வேறு வேலை தேடி நானுஓயாவிலிருந்து ஹட்டன் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். காலை பத்து மணிக்குக் கிளம்பியவன், மதியத்துக்குள் இரண்டு மழையில் நனைந்து காய்ந்தும் விட்டேன். ஒரு தேயிலைத் தோட்டத்து முடக்கில், ரோடு வளையும் இடத்தில் நின்ற வேன் டிரைவர் கைதட்டிக் கூப்பிட்டார்.

"அண்ணே, ஒரு கை குடுங்க. இவர லயத்துல விடணும்."

பின்சீட்டில் இருந்தவர் செல்வம். மரக்கிளை வெட்டும்போது விழுந்து முதுகுத் தண்டில் அடிபட்டவர். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் படிகள்தான், சக்கர நாற்காலி ஏறாது. முதுகில் ஏற்றிக்கொண்டேன்.

"மெதுவாங்க, நான் கொழுந்து மூட்டை இல்ல."

"மூட்டைன்னா பேசாம வரும்."

சிரித்தார். நுவரெலியாவில் நடக்கும் ஓர் ஆய்வுக்குப் போய் வருகிறாராம். முதுகுத் தோலில் பட்டை ஒட்டி மெல்லிய மின்சாரம் விடுகிறார்கள், கூடவே பயிற்சி. "நடப்பேன்னு யாரும் சொல்லல. கால் வெட்டி வெட்டி இழுக்குறது கொறையும்னாங்க. இன்னிக்கு ஒரு தடவகூட இழுக்கல."

வீட்டில் அவர் மனைவி புஷ்பம் முதலில் செய்த காரியம், அவர் முழங்காலைத் தட்டியதுதான். கால் துள்ளவில்லை. அவள் முகம் வெளுத்தது. அந்தத் துள்ளலை உயிர் திரும்பும் அடையாளம் என்று லயமே நம்பியிருந்தது. மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்ததும் தினமும் தட்டித் துள்ளவைத்து, பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்களுக்குக் காட்டுவாளாம். துள்ளும்போது வரும் வலியை அவர் சொன்னதில்லை.

"கரண்டு வச்சு இருந்த உசிரையும் எடுத்துட்டாங்களே! நாளைக்கு உங்கள விடமாட்டேன்."

"இத்தன நாளும் என்னயக் கேட்டா துள்ளுச்சு? இப்பப் பாரு."

தன் பெருவிரலையே பார்த்தார். நெற்றி வியர்த்தது. ஒன்றும் நடக்கவில்லை. புஷ்பம் வாயைத் திறக்கும் நேரத்தில் விரல் மெல்ல மடங்கியது.

"நிறுத்துங்க," என்றாள். நின்றது.

"மறுபடி." மடங்கியது.

"இன்னொரு தடவ!"

"கங்காணி மாதிரி வெரட்டாதடி, மூச்சு வாங்குது."

அவள் வாசலுக்கு ஓடினாள். "எல்லாரும் வாங்க! இவரு சொல்றதக் கால் கேக்குது!"

காம்பரா நிறைந்தது. ஒவ்வொரு மடக்கலுக்கும் கைதட்டல். நானும் உள்ளங்கை சிவக்கத் தட்டினேன். நடக்க இன்னும் எவ்வளவோ இருந்தது. அன்று யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

இரவு அங்கேயே படுத்தேன். விடிந்ததும் புஷ்பம்தான் எழுப்பினாள்.

"தம்பி, எழும்புங்க, வேன் வந்துரும். ஆய்வு முடியிற வரைக்கும் இவரத் தூக்க நிக்கிறீங்களா?"

என் பையை ஆணியில் மாட்டிவிட்டுக் குனிந்தேன். செல்வம் என் தோளில் கையைப் போட்டார்.