கம்பிவலை இல்லாத சனிக்கிழமை

"இனிமே அப்பாவைப் பாக்க என்னைக் கூட்டிட்டுப் போகாதம்மா" என்று என் மகள் ரேவதி சொன்னபோது அவளுக்கு ஏழு வயது. அழவில்லை, கத்தவில்லை. பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டே சொன்னாள். அவளுடைய அப்பா அப்போது புனே ஜெயிலில் இருந்தார்.

மாரியம்மனை நம்பி வாழ்கிற நீங்கள் எல்லோரும் இதைக் கேட்க வேண்டும் என்று எழுதுகிறேன். என் பெயர் அஞ்சலை. திருவண்ணாமலைப் பக்கம் சொந்த ஊர். வீட்டுக்காரர் ஏழுமலை புனே பக்கத்தில் பிம்ப்ரியில் ஒரு கம்பெனிக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். 1998 மழைக்காலத்தில், சரக்கு இறக்குகிற இடத்தில் ஒரு தகராறு. இவர் பிடித்துத் தள்ளியதில் ஒருவர் விழுந்து, தலையில் அடிபட்டு இறந்துபோனார். கொல்லும் எண்ணம் இவருக்கு இல்லை. ஆனால் தள்ளிய கை இவருடையதுதான். இறந்தவருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்தார்கள். ஏழு வருஷம் தண்டனை ஆயிற்று. ரேவதிக்கு அப்போது மூன்று வயது.

புனேயிலேயே கோந்த்வாவில் என் அண்ணன் வீட்டோடு ஒட்டிக்கொண்டேன். பக்கத்தில் வானவடியில் ஒரு மிலிட்டரிக்காரர் வீட்டில் சமையல் வேலை கிடைத்தது. லீவு கிடைக்கிற நாளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜெயிலுக்குப் போவேன். அங்கே முலாகாத் என்று சொல்லும் அந்தச் சந்திப்பு எப்படியிருக்கும் என்று போனவர்களுக்குத்தான் தெரியும். இந்தப் பக்கம் ஒரு கம்பிவலை, அந்தப் பக்கம் ஒரு கம்பிவலை, நடுவில் இடைவெளி. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். நம் ஆள் பேசுவது நம் காதில் விழாது.

சின்னக் குழந்தையாக இருந்தவரை ரேவதி என் தோளில் தூங்கிவிடுவாள். வளர்ந்த பிறகு விவரம் தெரிந்துவிட்டது. ஒருநாள் இவர் வலைக்குள் விரலை விட்டு, "கண்ணு, அப்பா கையத் தொடும்மா" என்றார். அவளுக்கு எட்டவில்லை. எப்படி எட்டும்? இவருக்கு என்ன ஆனதோ, வலையில் தலையை முட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். பிள்ளை பயத்தில் நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துவிட்டாள். அதற்கு அப்புறம்தான் வரமாட்டேன் என்று சொன்னாள். நான் வற்புறுத்தினால் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

அடுத்த முறை தனியாகப் போய் நின்றேன். இவர் என் பின்னால் பார்த்தார். பிறகு புரிந்துகொண்டார்.

"உடு அஞ்சலை. புள்ளையக் கஷ்டப்படுத்தாத. அப்பன் இல்லன்னே வளரட்டும்."

பஸ்ஸில் திரும்பும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் அண்ணன் வேறு சொன்னார். "ரேவதிய ஊர்ல ஆஸ்டல்ல சேத்துடலாம் அஞ்சலை. இங்க பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. அங்க யாருக்கும் தெரியாது." அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் அனுப்பினால் அப்பாவுக்கும் மகளுக்கும் இருந்த கடைசி நூலும் அறுந்துபோகும். அனுப்பாமல் இருந்தாலும் நூல் எங்கே இருக்கிறது? ரேவதி வீட்டில் அப்பா பெயரையே எடுப்பதில்லை. நான் தமிழில் பேசினால் மராத்தியில் பதில் சொல்வாள். இவருக்கோ தமிழும் லாரிக்காரர் இந்தியும்தான் தெரியும். நாளைக்கு வெளியே வந்தாலும் இரண்டு பேரும் எந்த பாஷையில் பேசுவார்கள் என்று நினைத்து நினைத்து மருகுவேன்.

இங்கே நம் மாரியம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் போவேன். ஆரம்பத்தில் கூழ் ஊற்றுகிறேன், தீ மிதிக்கிறேன் என்றெல்லாம் வேண்டினேன். போகப் போக வேண்டிக்கொள்ளவும் தெம்பில்லை. சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன்.

2003-இல் ஒருநாள் முலாகாத்தில் இவர் புதிதாக ஒன்று சொன்னார். வெளியிலிருந்து ஒரு மேடம் வந்து, பிள்ளை உள்ள கைதிகளுக்கு வாரம் ஒரு வகுப்பு நடத்துகிறாராம். பிள்ளைகளோடு எப்படிப் பேசுவது, எப்படிக் காது கொடுத்துக் கேட்பது என்று சொல்லித் தருகிறார்களாம். வகுப்பு முடிகிற சனிக்கிழமை பிள்ளைகளை வலை இல்லாமல் ஒரு ஹாலில் பார்க்க விடுவார்களாம்.

"எல்லாரையும் கேட்டாங்க, உன் புள்ளைக்கு யாரு சிநேகிதி, என்ன புடிக்கும், எதுக்குப் பயப்படும்னு. எனக்கு ஒண்ணுமே தெரியல அஞ்சலை. குக்கர் விசிலுக்குப் பயப்படும்னு மட்டும் சொன்னேன்" என்றார்.

அதுவரை வக்கீலைப் பற்றியே கேட்டவர், அன்று முதல் பிள்ளையைப் பற்றிக் கேட்டார். டீச்சர் பேர் என்ன, பல் விழுந்து முளைத்துவிட்டதா, கணக்கு வருகிறதா? நான் தொண்டை கிழியக் கத்திப் பதில் சொல்வேன்.

ஒரு நாள் அந்த மேடம் எங்கள் வீட்டுக்கே வந்தார். தரையில் ரேவதியின் பக்கத்தில் உட்கார்ந்து மராத்தியில் பேசினார். அவள் விருப்பப்பட்டால்தான் கூட்டிப்போவோம், கட்டாயம் இல்லை என்றார். ரேவதி முடியாது என்று தலையாட்டினாள். மேடம் கோபப்படவில்லை. எழுந்திருக்கும்போது, "குக்கர் விசில் அடித்தால் இப்போதும் பயமா என்று உன் அப்பா கேட்கச் சொன்னார்" என்று மட்டும் சொன்னார்.

அவர் போன பிறகு ரேவதி என்னிடம் கேட்டாள். "அது அவருக்கு எப்படிம்மா தெரியும்?"

"நீ சின்னதா இருக்கசொல்ல, விசில் வந்தா ஓடிப்போய் அவர் தோள்மேல ஏறிக்குவ."

அந்த வாரம் முழுவதும் அவள் அப்பா பேச்சை எடுக்கவில்லை. அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. கோயிலில் போய் விழுந்தேன். "ஆத்தா, அவரை வெளியே கொண்டுவா என்று நான் கேட்கவில்லை. அவர் செய்ததற்கு அவர் இருந்துவிட்டு வரட்டும். இந்தப் பிள்ளை மனசுக்குள் போக எனக்கு வழி தெரியவில்லை. நீதான் போக வேண்டும்." இதைத்தான் சொன்னேன். வேறு எதுவும் சொல்ல வரவில்லை.

வீட்டுக்கு வந்தேன். ரேவதி தலை பின்னிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள். "நாளைக்கு வரேன். ஆனா பேசமாட்டேன்."

அந்த ஹாலில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். இவர் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார். பிள்ளையை இழுத்து அணைக்கக் கூடாது, அதுவாக வரட்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்களாம். இரண்டு கையையும் முழங்காலில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். ரேவதி என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. ஆத்தா ஆத்தா என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது இவர் வாயைத் திறந்தார். "தூ கசா ஆஹேஸ்?"

மராத்தியில் எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். கூட வகுப்பில் இருந்த ஒருவரிடம் பிள்ளைக்காகவே கற்றுக்கொண்டிருக்கிறார். ஆனால் ஆம்பளைப் பிள்ளையைக் கேட்கிற மாதிரி கேட்டுவிட்டார்.

என் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "கசா இல்ல. கஷி. நான் பொண்ணு."

"கஷி" என்றார் இவர். "தூ கஷி ஆஹேஸ்?"

"பரவாயில்ல" என்று தமிழில் சொன்னாள். கொஞ்சம் கொஞ்சமாக என் பக்கத்துக்கு வந்தாள். இங்கே உங்களுக்கு யார் சமைக்கிறார்கள் என்று கேட்டாள். அவர் சொன்னார். கணக்கு டீச்சரைப் பற்றி இவள் மராத்தியில் சொன்னாள். முக்கால்வாசி அவருக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் வைத்த கண் வாங்காமல் கேட்டார். நேரம் முடிந்து எழுந்தபோது, அவள் வாசல்வரை போய்த் திரும்பினாள். "வரேன்ப்பா" என்றாள்.

அவர் அப்படியே ஜமக்காளத்தில் உட்கார்ந்துவிட்டார்.

எல்லாம் அன்றோடு சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். வகுப்பு அந்த வருஷத்தோடு நின்றுபோனது. ஏன் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மறுபடியும் அதே வலை, அதே கூச்சல். ஆனால் ரேவதி வந்தாள். வலையைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களைவிடச் சத்தமாகக் கத்தினாள். ஆத்தா எனக்குச் செய்தது இதுதான். கம்பியை எடுக்கவில்லை. பயத்தை எடுத்தாள்.

2005-இல் இவர் விடுதலையாகி வந்தார். இப்போது ஒரு கட்டடத்தில் வாட்ச்மேன். இறந்துபோன அந்த மனிதர் பெயரைச் சொல்லித் தினம் விளக்கேற்றுகிறார். ரேவதி எட்டாவது படிக்கிறாள். இரண்டு பேருக்கும் சண்டையும் வருகிறது.

உங்களில் யாருடைய ஆளாவது உள்ளே இருக்கலாம். வெளியே சொல்ல வெட்கமாக இருக்கும், தெரியும். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வாருங்கள். வேண்டுதல் சொல்ல வார்த்தை வராவிட்டால் பரவாயில்லை, ஆத்தா முன்னால் சும்மா உட்காருங்கள். நான் பக்கத்தில் இருப்பேன். மறுநாள் ஜெயில் வாசல்வரை கூடவே வருகிறேன்.